மேற்குக் கிரீன்லாந்தும் நுனாவுட்டும்: ஆர்க்டிக் கப்பல் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

ஆர்க்டிக் கப்பல் பயணம் என்று விசாரித்தால் பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது நார்வேயின் ஸ்வால்பார்ட். பனிக்கரடி பார்க்க அது அருமையான இடம். ஆனால் அங்கே பூர்வகுடிகள் இல்லை. இருக்கும் ஊர்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் எழுந்தவை. விலங்குகளையும் அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களையும் ஒரே பயணத்தில் காண வேண்டுமென்றால் மேற்குக் கிரீன்லாந்துக்கும் கனடாவின் நுனாவுட்டுக்கும்தான் போக வேண்டும். கங்கெர்லுசுவாக் அல்லது நூக்கில் கப்பலேறி, சிசிமியுட், இலுலிசாட் ஊர்களில் இறங்கி, பாஃபின் விரிகுடாவைக் கடந்து, பாண்ட் இன்லெட், டெவன் தீவு, பீச்சி தீவு வழியாக ரெசல்யூட்டில் முடியும் 12 முதல் 17 நாள் தடம் இது. எதிர்த்திசையிலும் கப்பல்கள் ஓடுகின்றன.

இந்தப் பயணம் சுகமாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் பணம் கட்டும் முன்பே முடிவாகிவிடுகிறது. கப்பலில் எத்தனை பேர், கேபின் எங்கே, ஊர்களில் எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் கேட்டுத் தெளிவு பெறாமல் முன்பதிவு செய்யாதீர்கள்.

கப்பலைத் தேர்ந்தெடுப்பது

பளபளப்பான விளம்பரத் தாளில் உணவகங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் பயணிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். கரையில் ஒரே சமயத்தில் ஏறத்தாழ 100 பேர் வரைதான் இறக்குவது இந்தத் துறையின் வழக்கம். 100 முதல் 130 பேர் உள்ள கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கி இரண்டு மூன்று மணி நேரம் நிலத்தில் இருக்கலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், மீதிப் பேர் படகில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். அதுவும் பரவாயில்லை. 400, 500 பேர் கொண்ட கப்பலில் உங்கள் முறை வருவதற்குள் மூடுபனி இறங்கிவிடலாம். அதைவிடப் பெரிய சங்கடம் ஊருக்கு. பாண்ட் இன்லெட்டில் வாழ்பவர்களே சுமார் 1,500 பேர். அங்கே ஒரே காலையில் 500 பேர் இறங்கினால் விருந்தோம்புவது யாராலும் முடியாத காரியம்.

நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. கப்பலின் பனித்தர வகுப்பு என்ன, அதாவது எவ்வளவு பனியைத் தாங்கும்? 2017 ஜனவரி 1 முதல் துருவக் கடல்களில் ஓடும் பயணிகள் கப்பல்கள் போலார் கோட் என்னும் பன்னாட்டு விதிக்குக் கட்டுப்பட்டவை, ஆகவே இதற்கு நேரான பதில் வர வேண்டும். பிசி6 என்றோ அதற்கு ஏறத்தாழச் சமமான 1ஏ சூப்பர் என்றோ சொன்னால் கோடைக்காலத் தடத்துக்குப் போதும். ஏஈசிஓ என்னும் ஆர்க்டிக் பயணக் கப்பல் நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பினரா? கரையில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? 20 பேருக்கு ஒருவருக்குக் குறைந்தால் வேறு கப்பல் பாருங்கள். கடைசியாக, வழிகாட்டிகளில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் எத்தனை பேர்? பயணம் முழுக்கக் கப்பலிலேயே இருந்து, மேசையில் நம்முடன் சாப்பிட்டு, தன் ஊரில் நம்மை அழைத்துப்போகும் இனுயிட் வழிகாட்டி உள்ள கப்பலுக்கும், ஊரில் ஒரு மணி நேர நடனம் மட்டும் ஏற்பாடு செய்யும் கப்பலுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். விலை கூடினாலும் முதல் வகையையே எடுங்கள்.

செலவு ஒருவருக்குப் பெரும்பாலும் பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். தனியாகப் போகிறவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். அறையைப் பகிர ஆள் சேர்த்துத் தரும் நிறுவனங்களும் உண்டு.

கேபின் விஷயத்தில் பலரும் காசைத் தப்பான இடத்தில் கொட்டுகிறார்கள். மேல் தளத்தில் பால்கனி வைத்த அறைதான் விலை அதிகம், ஆட்டமும் அங்கேதான் அதிகம். டேவிஸ் நீரிணையையும் பாஃபின் விரிகுடாவையும் கடக்க ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், வட்ட ஜன்னல் வைத்த சாதாரண அறை எடுத்தால் அந்த நாட்களில் தூக்கம் வரும். எப்படியும் பகலில் யாரும் அறையில் இருக்கப்போவதில்லை.

எந்த மாதம்

ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் நடு வரைதான் இந்தத் தடம் திறக்கும். அதற்குள்ளும் வேறுபாடு உண்டு. ஜூலையில் இரவிலும் இருட்டாது. இலுலிசாட்டின் பனிமலைகளை நள்ளிரவு வெளிச்சத்தில் பார்க்கலாம், பறவைப் பாறைகளில் கூட்டம் நிறைந்திருக்கும், ஆனால் வடக்கே பல கால்வாய்கள் பனியால் அடைத்திருக்கும். கங்கெர்லுசுவாக் பக்கம் கொசுவும் அப்போதுதான். ஆர்க்டிக்கில் கொசுவா என்று நினைக்க வேண்டாம், தலைக்கு வலை கட்டாயம் வேண்டும். துருவ ஒளி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகே போக வேண்டும். இருட்டாத வானத்தில் அது தெரியாது. செப்டம்பரில் கடற்பனி ஆண்டிலேயே குறைவாக இருக்கும், மரமில்லாத டுண்ட்ரா நிலத்தின் செடிகள் சிவந்திருக்கும், காற்றும் அலையும் கூடும். முதன்முறை போகிறவர்களுக்கு ஆகஸ்ட் நடுப்பகுதி பொருத்தம்.

விசாவும் காப்பீடும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கே. கிரீன்லாந்து டென்மார்க் அரசுக்கு உட்பட்டது, ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. சாதாரண ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது. டென்மார்க்கிடம் விண்ணப்பிக்கும்போதே கிரீன்லாந்துக்குப் போவதாகக் குறிப்பிட்டு, விசாவில் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்ற வாசகம் அச்சாகியிருக்கிறதா என்று கைக்கு வந்தவுடன் பாருங்கள். கோபன்ஹேகன் அல்லது ரெய்க்யவிக் வழியே பறந்தால் ஷெங்கன் விசாவும் தனியாக வேண்டியிருக்கும். கனடாவுக்குப் பலமுறை நுழையும் பார்வையாளர் விசா எடுங்கள். பனியால் தடம் மாறி, நுனாவுட்டில் முடிய வேண்டிய கப்பல் கிரீன்லாந்துக்கே திரும்புவதும் நடக்கும்; இரண்டு விசாவிலும் ஒரு வாரம் கூடுதல் நாள் இருப்பது நல்லது.

காப்பீட்டில் பார்க்க வேண்டிய வரி ஒன்றே: அவசர மருத்துவ வெளியேற்றம். கப்பலில் மருத்துவர் இருப்பார், அறுவை சிகிச்சை செய்ய முடியாது. நல்ல மருத்துவமனை நூக்கிலோ நுனாவுட்டின் தலைநகரான இக்கலுயிட்டிலோதான், அங்கே போக விமானம் வேண்டும். அந்த வரியில் குறைந்தது 2 லட்சம் டாலருக்கு ஈடு இருக்கட்டும். விமானத் தாமதத்துக்கான ஈடும் தேவை. ரெசல்யூட்டில் மூடுபனி இறங்கினால் வாடகை விமானம் ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போவது சகஜம். எனவே புறப்பாட்டுக்கு முன்னும் முடிவுக்குப் பின்னும் இரண்டிரண்டு நாள் விட்டுத்தான் மற்ற டிக்கெட்டுகளைப் போட வேண்டும். அந்த வாடகை விமானங்களில் பெட்டி எடை பெரும்பாலும் 20 கிலோவுக்குள்.

என்ன எடுத்துப்போவது

கோடையில் வெப்பம் 0 முதல் 10 டிகிரி வரை இருக்கும். கேட்க ஒன்றுமில்லைபோலத் தோன்றும். திறந்த படகில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால்தான் உறைக்கும்.

உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி உள்ளாடை 2 ஜோடி, மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கு மேல் நீர் புகாத மேலாடை. பல நிறுவனங்கள் தடித்த மேல்கோட்டும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் தரும்; பூட்ஸ் அளவை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், கனத்த காலுறை போட்டால் ஒரு அளவு கூடுதலாக வேண்டும். நீர் புகாத பேன்ட் மட்டும் பெரும்பாலும் தர மாட்டார்கள், அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். படகில் உட்காரும் இடம் ஈரமாகவே இருக்கும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் தெறிக்கும் தண்ணீர் நேரே பாதத்துக்குப் போகும். பருத்தி எதுவும் வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடந்து குளிரைக் கூட்டும். கைக்கு மெல்லிய உறை இரண்டு ஜோடி, அதன்மேல் போட விரல் பிரியாத கனத்த உறை ஒன்று. கேமரா பொத்தானை அழுத்தும்போது கனத்ததை மட்டும் கழற்றலாம்.

8x42 பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. கணவன் மனைவிக்கு ஒன்று போதும் என்று நினைத்தால் கரடி தெரியும் இரண்டு நிமிடத்தில் சண்டை வரும். கேமரா மின்கலம் குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரி மின்கலத்தைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். வெளியிலிருந்து அறைக்குள் வரும்முன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸுக்குள் போகாது. ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், பயணிகள் பறக்கவிட அனுமதி கிடையாது.

கடல்நோய்க்கு மெக்லிசினோ சின்னரிசினோ, உங்கள் மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டல் வந்தபின் போட்டால் வேலை செய்யாது, திறந்த கடலுக்குப் போகும் முந்தைய இரவே தொடங்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை கிளாகோமா உள்ளவர்களுக்கு ஆகாது, வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் உண்டாக்கும்.

சைவ உணவுக்காரர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சமையல்காரர் தருவார், ஆனால் இரண்டாவது வாரத்தில் பச்சைக் காய், கீரை குறைந்துகொண்டே வரும். கடையில் சீல் வைத்து வாங்கிய பருப்புப் பொடி ஒன்று பெட்டியில் இருந்தால் நாக்கு வாழும்.

சோடியாக்கில் ஏறி இறங்குவது

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே எல்லாப் போக்குவரத்தும் சோடியாக் என்னும் காற்றடைத்த ரப்பர் படகில்தான், ஒரு படகில் பத்துப் பேர் போல. அடிபடுவது அதிகமும் இங்கேதான், அதுவும் கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு.

இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், எல்லாம் முதுகுப் பையில். ஏணியின் கடைசிப் படியில் நின்று மாலுமியின் கையைப் பிடியுங்கள். உள்ளங்கையை அல்ல, மணிக்கட்டுக்கு மேல் முன்கையை. அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஒருவர் ஈரக் கை நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். படகு அலையில் மேலே வரும்போது அவர் சொல்வார், அப்போது படகின் பக்கவாட்டில் ஒரு அடி, தரையில் ஒரு அடி, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு உட்கார்ந்தபடியே நகருங்கள். கரையில் இறங்கும்போது அவசரம் வேண்டாம். பின்னால் வரும் அலை போகட்டும் என்று வழிகாட்டி காத்திருப்பார்.

கப்பலை விட்டு இறங்கும்போதும் திரும்பும்போதும் கப்பலில் தந்த அடையாள அட்டையைத் தேய்க்க மறக்காதீர்கள். ஒரு அட்டை குறைந்தால் கப்பல் நகராது. பூட்ஸ் அடியிலும் வெல்க்ரோ பட்டைகளிலும் ஒட்டிய விதை, மண்ணைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள், வேற்றுச் செடி அந்த மண்ணில் முளைக்கக் கூடாது என்பதற்காக. கரையில் கழிப்பறை கிடையாது, காலைக் காப்பியை ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். டுண்ட்ரா நிலம் மேடும் பள்ளமுமாக, பஞ்சுபோல் அமுங்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மடக்குக் கோல் இரண்டு வேண்டும்.

விலங்குகளைப் பார்ப்பது

ஒவ்வொரு கரையிறக்கத்துக்கும் முன் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். கரடி தெரிந்தால் இறக்கம் ரத்து. கரையில் அவர்கள் வகுத்த வட்டத்தைத் தாண்டி ஒரு படத்துக்காகக்கூடப் போகாதீர்கள். நீங்கள் வட்டம் தாண்டி, கரடியும் வந்தால் கடைசியில் சாவது பெரும்பாலும் கரடிதான். எதிர்பார்ப்பையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். கரடி பெரும்பாலும் மங்கிய மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். ஸ்வால்பார்டில் 2025 முதல் 300 மீட்டருக்குள்ளும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டருக்குள்ளும் நெருங்கக் கூடாது என்பது சட்டம். கனடாவில் திமிங்கிலங்களிடமிருந்து படகு குறைந்தது 100 மீட்டர் விலக வேண்டும். நார்வால் என்னும் தந்தமுள்ள திமிங்கில வகைக்கு மற்றவற்றைவிடக் கூச்சம் அதிகம். பாண்ட் இன்லெட் அருகே பெரும்பாலும் முதுகும் மூச்சுத் திவலையும்தான் தெரியும், கொம்புபோல் நீண்ட அந்தத் தந்தம் தெரிவது அதிர்ஷ்டம்.

வால்ரஸ் என்னும் தந்தமுள்ள பெரிய கடல் விலங்குகளின் கூட்டத்தை நெருங்கும்போது படகோட்டி, காற்று அவற்றிடமிருந்து நம் பக்கம் வீசும்படி வந்து, எஞ்சினைக் குறைத்து, யாரையும் எழவிடாமல் பார்த்துக்கொள்வார். ஒன்று தலையைத் தூக்கினால் நின்றுவிட வேண்டும். மிரண்டு எல்லாம் ஒன்றாகத் தண்ணீரை நோக்கிப் பாய்ந்தால் குட்டிகள் அடியில் நசுங்கும்.

எல்லோரும் கரடியையே தேடுவார்கள். இந்தத் தடத்தில் மனத்தை அள்ளுவது பிரின்ஸ் லியோபோல்ட் தீவின் செங்குத்துப் பாறை. கருப்பு வெள்ளை முரே பறவைகள் லட்சக்கணக்கில் வந்து கூடு கட்டாமல் வெறும் பாறைத் திட்டில் ஒரே ஒரு முட்டை இடும். பேரிக்காய் வடிவ முட்டை, ஒருபக்கம் கூர்ந்திருக்கும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு போனால் குஞ்சுகள் குதிப்பதைக் காணலாம். மூன்று வாரக் குஞ்சு, பறக்க இன்னும் தெரியாது. குட்டைச் சிறகை அடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான அடி கீழே கடலில் விழும். தகப்பன் பின்னாலேயே இறங்கி, இரண்டும் நீந்தியே தெற்கே பயணம் தொடங்கும். இங்கே கப்பலின் ஊதுகுழலை அடிக்கக் கூடாது. பெற்றோர் திடுக்கிட்டு எழுந்தால் முட்டையும் குஞ்சும் திட்டிலிருந்து உருண்டு விழும். படகிலும் பேச்சைத் தணித்து, எஞ்சினை நிறுத்திக் கேளுங்கள்.

இலுலிசாட்டில் ஒரு எச்சரிக்கை. பனிவிரிகுடா மையத்திலிருந்து மரப்பலகைப் பாதை செர்மர்மியுட் என்னும் பழைய குடியிருப்பு வரை போகும், நடக்க இதமானது. கீழே கடற்கரைக்கு மட்டும் இறங்காதீர்கள். பனிமலை உடைந்தாலோ புரண்டாலோ எழும் அலை எச்சரிக்கையின்றிக் கரையை வாரிவிடும். அங்கே பலகையும் வைத்திருக்கிறார்கள்.

ஊர்களில்

நுனாவுட் 1999 ஏப்ரல் 1-இல் தனி ஆட்சிப்பகுதியானது, அங்கே பெரும்பான்மையினர் இனுயிட் மக்கள். நீங்கள் இறங்கும் ரெசல்யூட் ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 1953-லும் 1955-லும் கனடா அரசு வடக்குக் கியூபெக்கிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து ரெசல்யூட்டிலும் கிரைஸ் ஃபியோர்டிலும் இறக்கியது. பழகாத இருட்டு, பழகாத வேட்டை. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் உங்களை வரவேற்கிறார்கள்.

ஊர் மண்டபத்தில் மூதாட்டி ஒருவர் குல்லிக் விளக்கு ஏற்றினால் முன் வரிசையில் உட்காருங்கள். மாக்கல்லில் குடைந்த அரைவட்ட விளக்கு, சீல் என்னும் கடல் விலங்கின் கொழுப்பெண்ணெய், நேர் விளிம்பு நெடுகப் பாசியும் ஆர்க்டிக் பஞ்சுப்புல்லும் கலந்த திரி. ஒரு சிறு குச்சியால் திரியைத் தட்டித் தட்டிச் சுடரை ஒரே உயரத்தில் வைத்திருப்பார்; ஒரு இடத்தில் எழும்பினால் புகையும். பனிவீட்டில் வெளிச்சமும் சூடும் சமையலும் உடுப்பு காய்வதும் இந்த ஒன்றில்தான். நுனாவுட்டின் அரசுச் சின்னத்திலும் இது இருக்கிறது. அடுத்து இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று தொண்டையால் பாடுவார்கள். முதலில் சிரித்துவிட்டவர் தோற்றார், ஆகவே நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம். கிரீன்லாந்தின் முரசு நடனப் பாடல் 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே யாராவது காஃபெமிக் என்று வீட்டுக்குக் காப்பிக்கு அழைத்தால் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

சீல் தோல் உலர்வதையும் இறைச்சி தொங்குவதையும் பார்ப்பீர்கள். தெற்கிலிருந்து பறந்து வரும் காய்கறி அங்கே கொள்ளை விலை. வேட்டைதான் உணவு, சம்பாத்தியம், உறவு எல்லாம். முகம் சுளிக்க வேண்டாம், சாப்பிடாதவர் நன்றி சொல்லிக் கைகூப்பினால் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். நன்றிக்கு நுனாவுட்டில் குயன்னமீக், கிரீன்லாந்தில் குயனக். குழந்தைகளைப் பெற்றோரைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். இலுலிசாட், சிசிமியுட் ஊர்களில் சங்கிலியில் கட்டிய நாய்களைத் தொடவே கூடாது, அவை பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் வேலை நாய்கள். டெவன் தீவின் டண்டாஸ் துறைமுகத்தில் திமிங்கில எலும்பால் கூரை வேய்ந்த பழைய வீட்டுச் சுவடுகள் உண்டு. ஒரு எலும்பையும் கல்லையும் நகர்த்தாதீர்கள், சட்டப்படியும் குற்றம்.

தடம் மாறும்போது

அச்சிட்ட பயணத் திட்டம் ஒரு உத்தேசம் மட்டுமே. 2018-இல் பனி அடைத்ததால் பல கப்பல்கள், கனடாவின் வடக்குத் தீவுகளின் ஊடே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வடமேற்குப் பாதையைக் கடக்காமல் திரும்பின. அதே ஆகஸ்டில் அகாடமிக் இயோஃபே என்ற கப்பல் குகாருக் அருகே தரை தட்டி, பயணிகள் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் 206 பேருடன் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் கப்பல் வடகிழக்குக் கிரீன்லாந்தில் தரை தட்டிச் சிக்கி மூன்று நாள் கழித்து விடுபட்டது. ஆர்க்டிக் கடலின் பெரும்பகுதி நவீன முறையில் ஆழம் அளக்கப்படவில்லை என்பதால், கப்பல் தலைவர் ஒரு விரிகுடாவுக்குள் போக மறுத்தால் அதை நல்ல மாலுமியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கனடியப் பனிச் சேவை தினமும் வெளியிடும் வரைபடத்தைக் கப்பலில் ஒட்டுவார்கள். அதில் கடல் பரப்பில் பனி பத்தில் எத்தனை பங்கு என்று எண் இருக்கும். மூன்று நான்கு என்றால் கப்பல் நெளிந்து போகும், ஒன்பது பத்து என்றால் வேறு வழி பார்க்கும். தினமும் காலையில் அதைப் படித்தால், தடம் ஏன் மாறுகிறது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

வாங்குவது

செதுக்குபவர்கள் மண்டபத்திலேயே மேசை போடுவார்கள். 20 டாலர் தாள்களாகக் கனடியப் பணம் வைத்திருங்கள், தானியங்கி இயந்திரம் எல்லா ஊரிலும் இருக்காது; கிரீன்லாந்தில் டேனிஷ் குரோன், அட்டையும் செல்லும். பேரம் பேசாதீர்கள். கடையில் வாங்கினால் 1958-இலிருந்து வழங்கும் இக்லூ முத்திரை உள்ளதா என்று பாருங்கள், அது இனுயிட் கைவேலைக்கான அடையாளம். நார்வால் தந்தம், திமிங்கில எலும்பு, கரடித் தோல் ஆகியவற்றைக் கனடாவிலிருந்து வெளியே கொண்டுபோக, அரிய உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டஸ் அனுமதி வேண்டும். சீல் தோல் கையுறையைக்கூட அமெரிக்கா வழியாகக் கொண்டுபோக முடியாது, பறிமுதல் செய்வார்கள். ஐரோப்பா வழியாகப் போனால் இனுயிட் வேட்டை என்று சான்று சொல்லும் தாளைக் கடையிலேயே கேட்டு வாங்கிப் பொருளோடு வையுங்கள். மாக்கல் சிற்பம், கரிபு மான்கொம்பு, கஸ்தூரி எருதின் மென்மயிரில் நெய்த கழுத்துத்துணி, அச்சோவியம் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்லைக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோங்கள், மாக்கல் விழுந்தால் உடையும்.